சமுதாயக் கல்லூரிக்குப் புதிய தலைவர்: வேட்பாளர்களிடம் என்ன கேட்பது?

ஓஹியோவாசி (கேள்வி)

வணக்கம். ஓஹியோவில் நாங்கள் வசிக்கும் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) சமுதாயக் கல்லூரித் தலைவர் ஓய்வுபெறுகிறார். பெரும்பாலும் இரண்டாண்டுப் பட்டமும் சான்றிதழும் தரும் பொதுக் கல்லூரி இது. அவருடைய இடத்துக்கு இறுதிச் சுற்றுவரை வந்திருக்கும் மூவரும் அடுத்த மாதம் பொதுமக்கள் முன்னிலையில் தனித்தனியே பேசிக் கேள்விகளுக்கு விடையளிக்கவிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். முடிவில் ஒரு கருத்துப் படிவமும் தருவார்களாம். எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கல்லூரி நன்கு பழக்கமானது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பலர் 'காலேஜ் கிரெடிட் பிளஸ்' திட்டத்தில் கட்டணமின்றி அங்கே கால்குலஸும் ஆங்கிலக் கட்டுரை வகுப்பும் படிக்கிறார்கள். துணைவர் விசாவில் வந்து சில ஆண்டுகள் வீட்டிலிருந்த பெண்கள் சிலர் அங்கேயே கணக்கியல் படித்து வேலைக்குச் சென்றிருக்கிறார்கள். ஆகவே சிலராகச் சேர்ந்து போய்க் கேள்வி கேட்கலாம் என்று எண்ணுகிறோம்.

சிக்கல் என்னவென்றால், மூவரின் கடிதங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் எது யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை. மாணவர் வெற்றி, சமவாய்ப்பு, தொழில் நிறுவனங்களுடன் கூட்டு, புதுமை ஆகிய நான்கும் மூன்றிலும் இருக்கின்றன. ஊரில் கல்லூரி முதல்வர் என்றால் அவருக்கு மேலே பல்கலைக்கழகமும் கல்லூரிக் கல்வி இயக்குநரகமும் உண்டு. பாடத்திட்டமும் தேர்வும் பெரும்பாலும் அவர் கையில் இல்லை. இங்கே தலைவரின் கையில் உண்மையில் என்னென்ன இருக்கின்றன? ஐந்தாண்டு கழித்து ஒருவரை நல்ல தலைவர் என்று எதை வைத்துச் சொல்லலாம்? கல்லூரிப் பணியில் இருப்பவர்களும், அருகிலிருந்து பார்த்தவர்களும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தரவுமேசை

நான் வேறொரு மாநிலத்தில், சமுதாயக் கல்லூரி ஒன்றின் புள்ளிவிவரப் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வேட்பாளர்கள் பெரும்பாலும் நழுவும் இடம் அதுதான்.

'பட்டம் பெறுவோர் விகிதத்தை உயர்த்துவேன்' என்று ஒருவர் சொன்னால், யாருடைய விகிதம் என்று உடனே கேளுங்கள். மத்திய அரசு நெடுங்காலமாக வெளியிட்டுவரும் விகிதம், முதல்முறையாகக் கல்லூரியில் சேர்ந்து முழுநேரமாகப் படிப்பவர்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. சமுதாயக் கல்லூரி மாணவரில் பெரும்பான்மையோரோ பகுதிநேரமாகப் படிப்பவர்கள். பகலில் கிடங்கிலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒன்றிரண்டு பாடம் படிக்கும் அவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். ஆகவே ஒரு தலைவர் முழுநேர மாணவர்களை மட்டும் கவனித்து அந்த எண்ணை உயர்த்திக் காட்டிவிட முடியும். மீதிப் பேர் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதும் இப்படித்தான். சமுதாயக் கல்லூரியில் நுழையும்போது ஐந்தில் நால்வர் இளங்கலைப் பட்டம் வரை போக வேண்டும் என்றே சொல்கிறார்கள். ஆறாண்டு கழித்துப் பார்த்தால், நாடு முழுவதும் ஏறத்தாழ 33 விழுக்காட்டினரே நான்காண்டுக் கல்லூரிக்கு மாறியிருக்கிறார்கள். அவர்களிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே பட்டம் முடிக்கிறார்கள். அதாவது தொடங்கியவர்களில் நூற்றுக்கு 16 பேர். 'இத்தனை பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் செய்தேன்' என்பது பெருமையாகக் கேட்கும்; ஆனால் படித்த பாடங்கள் அங்கே பட்டத்துக்குரிய பாடங்களாக ஏற்கப்பட்டனவா, பட்டத்துக்கு உதவாத வெறும் உதிரிக் கிரெடிட்டுகளாக (பாட அலகுகளாக) சேர்க்கப்பட்டனவா என்பதில்தான் மாணவனின் ஓராண்டுப் பணமும் காலமும் அடங்கியிருக்கின்றன. ஃபுளோரிடாவின் வலென்சியா கல்லூரியில் 2000 முதல் 2021 வரை தலைவராக இருந்த சான்ஃபோர்ட் ஷுகார்ட் இதைச் சரியான முனையிலிருந்து பிடித்தார். அங்கே இரண்டாண்டுப் பட்டம் முடித்தால் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்ற ஏற்பாடு 2006-இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே முதல் நாளிலேயே மாணவனுக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் தெரிந்திருந்தது. ஒரு வகுப்பு முதல்முறை கூடிவிட்டால் அதன்பின் யாரும் அதில் சேர இயலாது என்ற விதியையும் அந்தக் கல்லூரி கொண்டுவந்தது. கேட்பதற்குச் சிறிய விதி. ஆனால் தாமதமாகச் சேர்வோரே அதிகமாகத் தோற்கிறார்கள் என்று தெரிந்திருந்தும், சேர்க்கை எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற அச்சத்தால் பல கல்லூரிகள் அதைத் தொடத் துணிவதில்லை. சிறந்த சமுதாயக் கல்லூரிக்கான ஆஸ்பென் பரிசு 2011-இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது வலென்சியாவே பெற்றது.

உங்கள் மாநிலத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஓஹியோவில் சமுதாயக் கல்லூரிகளுக்கு மாநில அரசு பகிர்ந்தளிக்கும் தொகை, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்ததன்று. பாதி, முடித்த பாடங்களுக்கு. கால்பகுதி, 12 கிரெடிட், 24 கிரெடிட் போன்ற இடைப்படிகளைத் தாண்டியவர்களுக்கு. மீதிக் கால்பகுதி, சான்றிதழும் பட்டமும் பெற்றவர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர்களுக்கும். இந்தக் கணக்கைத் தாளைப் பார்க்காமல் விளக்கத் தெரியாத வேட்பாளர் ஓஹியோவுக்கு ஆயத்தமாகவில்லை என்றே கொள்ளலாம். கூடவே நீங்கள் குறிப்பிட்ட பள்ளிப் பிள்ளைகளையும் தனியே பிரித்துக் கேளுங்கள். நாட்டின் சமுதாயக் கல்லூரி மாணவரில் ஐந்தில் ஒருவர் இன்று பள்ளி மாணவர். அவர்கள் எப்படியும் தேறுகிறவர்கள். அவர்கள் கூடக்கூட மொத்த எண்கள் அழகாகத் தெரியும், வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்த பெரியவர்கள் குறைந்துபோனது அதற்குள் மறைந்துவிடும்.

டெக்சாஸ் வாசகன்

முதல் கேள்விக்கு, எங்கள் மாநிலத்தின் அமரில்லோ கல்லூரியைப் பற்றிச் சொல்கிறேன். தலைவரின் கையில் என்ன இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

ரசல் லோரி-ஹார்ட் 2014-இல் அங்கே தலைவரானார். அதற்கு முன்பு அதே கல்லூரியில் கல்விப் பிரிவின் துணைத்தலைவராக இருந்தார். வகுப்பில் தோற்பதற்கும் படிப்பை விடுவதற்கும் காரணம் என்னவென்று மாணவர்களிடமே கேட்டபோது, ஆசிரியர்கள் எதிர்பார்த்த 'கணிதம் கடினம்' என்ற பதில் முன்னே வரவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வண்டி பழுது, வீட்டு வாடகை, சாப்பாடு, மருத்துவச் செலவு, மின்கட்டணம் என்பவையே வந்தன. கல்லூரியின் தரவுகளைத் திரட்டி, தங்கள் சராசரி மாணவர் யார் என்று உருவகித்து, அவருக்கு மரியா என்று பெயரும் வைத்தார்கள்: குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த, பகுதிநேரமாகப் படிக்கும், இரண்டு பகுதிநேர வேலை பார்க்கும், இருபதுகளின் பிற்பகுதியில் இருக்கும் ஒரு தாய். அதன்பின் எந்தத் திட்டம் வந்தாலும் மரியாவுக்கு இது பயன்படுமா என்பது கேள்வியாயிற்று.

இதுவரை சொன்னது நல்லெண்ணம். நல்லெண்ணம் எல்லாத் தலைவர்களிடமும் இருக்கும். அமரில்லோவில் வேறுபட்டது, அது பணமும் இடமும் கால அட்டவணையுமாக மாறிய விதம். சமூகப் பணியாளர்கள் அமர்ந்திருக்கும் உதவி மையம் ஒன்று கல்லூரி வளாகத்துக்குள்ளேயே திறக்கப்பட்டது. அங்கே உணவுப் பொருட்களும் உடைகளும் கிடைக்கும், அவசரச் செலவுக்கு உதவித்தொகையும் உண்டு. 16 வாரப் பாடங்களில் பெரும்பாலானவை 8 வாரப் பாடங்களாக மாற்றப்பட்டன. மரியா ஒரே நேரத்தில் நான்கு பாடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் இரண்டிரண்டாகப் படிக்கலாம். பத்தாவது வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து எல்லாம் குலைந்தாலும், முதல் 8 வாரத்தில் முடித்த இரண்டு பாடங்கள் கையில் இருக்கும். இதற்காக ஆசிரியர்கள் தங்கள் பாடக்குறிப்புகளையும் தேர்வுகளையும் முழுக்கத் திருத்தியமைக்க வேண்டியிருந்தது. இந்த மாற்றத்தை அறிவிப்பது எளிது. நூற்றுக்கணக்கான ஆசிரியர்களை உடன் அழைத்துச் செல்வதற்கே தலைவர் தேவைப்படுகிறார்.

2023-இல் ஆஸ்பென் பரிசை அமரில்லோவும் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் வேலி கல்லூரியும் சேர்ந்து பெற்றன. அதே ஆண்டு லோரி-ஹார்ட் ஆஸ்டின் சமுதாயக் கல்லூரிக்குப் போய்விட்டார். இதையும் கவனியுங்கள். நல்ல தலைவர்களை மற்றக் கல்லூரிகள் கொத்திக்கொண்டு போகும். அவர் போன பிறகும் நிற்கக்கூடியதாக எதை அமைத்தார் என்பதை அவருடைய முந்தைய கல்லூரியில் விசாரிக்கலாம்.

மாலை வகுப்பு

நான் இரண்டு கல்லூரிகளில் பகுதிநேர ஆசிரியையாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். மேலே இருவரும் எழுதியவற்றை மறுக்கவில்லை. ஆனால் வகுப்பறையிலிருந்து பார்த்தால் தெரிவது வேறு.

நான் பணிபுரிந்த ஒரு கல்லூரியிலும், எங்கோ படித்துவிட்டு, உணவு வழங்கும் அறை ஒன்றைத் திறந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள், உள்ளூர்ச் செய்தித்தாளில் படம் வந்தது. அறை காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு வரை மட்டுமே திறந்திருக்கும். என் மாணவர்கள் வருவதோ மாலை ஆறு மணிக்கு. கதவில் ஒட்டியிருந்த நேர அட்டையை அவர்கள் கடந்து போவதை ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். மாலையில் ஓர் ஊழியரை அமர்த்தப் பணம் ஒதுக்கவில்லை என்று சொன்னார்கள். தலைவரின் நோக்கம் என்ன என்பதை அவருடைய உரையைக் கேட்டு அறிய முடியாது. வரவுசெலவுத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பொதுக் கல்லூரி என்பதால் அது பொது ஆவணம். உங்களுக்குத் தர வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.

நீங்கள் ஓஹியோவில் இருப்பதால் உங்கள் வாசலிலேயே ஒரு சான்று இருக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் 'ஏசாப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும், ஆலோசகரை அடிக்கடி சந்திக்க வேண்டும். அதற்கு ஈடாகக் கட்டணத்தில் விடுபடும் தொகையையும், பாடநூல் உதவியையும், சுரங்க ரயிலுக்கான மாதச் சீட்டையும் கல்லூரி தரும். குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஆய்ந்ததில், மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் இருந்தோரில் 40 விழுக்காடு, இல்லாதோரில் 22 விழுக்காடு. பின்னர் ஓஹியோவில் சின்சினாட்டி ஸ்டேட், குயஹோகா, லொரைன் கவுண்டி ஆகிய மூன்று கல்லூரிகள் இதை எடுத்துச் செய்தன. அங்கே ரயில் சீட்டுக்குப் பதிலாக, மாதந்தோறும் பெட்ரோலுக்கோ மளிகைக்கோ பயன்படும் 50 டாலர் அட்டை கொடுத்தார்கள். அங்கும் திட்டத்தில் இருந்தோரில் 35 விழுக்காடு, இல்லாதோரில் 19 விழுக்காடு பட்டம் பெற்றார்கள்.

இதன் உயிர்நாடி அந்த அட்டையன்று என்பது என் எண்ணம். நியூயார்க்கில் ஏசாப் ஆலோசகர் ஒருவருக்கு 60 முதல் 80 மாணவர்கள். வழக்கமான ஆலோசகருக்கு அறுநூறுக்கும் மேல். அறுநூறு பேரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் எவர் பெயரையும் நினைவில் வைத்திருக்க முடியாது. ஆலோசகர்கள் உட்படத் திட்டம் முழுவதற்குமாக மாணவர் ஒருவருக்கான செலவு நியூயார்க்கில் பாதிக்கும் மேல் கூடியது. பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், ஒரு பட்டத்துக்கான செலவு அங்கே குறையவே செய்தது. ஆனால் முதலில் செலவு செய்யத் துணிய வேண்டும், பலன் வர மூன்றாண்டு ஆகும், அதற்குள் கல்லூரியை மேற்பார்க்கும் அறங்காவலர்கள் பொறுமை இழப்பார்கள். உங்கள் வேட்பாளர்களிடம் ஆலோசகர் ஒருவருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். இப்போதைய எண்ணையும் இலக்கு எண்ணையும் இரண்டையும் சொல்லட்டும்.

இன்னொன்று, எங்களைப் பற்றி. சமுதாயக் கல்லூரி ஆசிரியரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் என்னைப் போல் பகுதிநேரத்தினர். பாட எண்ணிக்கைக்குச் சம்பளம், அலுவல் அறை கிடையாது, அடுத்த செமஸ்டரில் வகுப்பு உண்டா என்பது சில வாரங்களுக்கு முன்புதான் தெரியும். மாணவரோடு அதிக நேரம் இருப்பவர்கள் நாங்கள்தாம். மாணவர் வெற்றி பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு எங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத வேட்பாளரை நான் நம்ப மாட்டேன்.

ஓஹியோவாசி

மூவருக்கும் நன்றி. எண்களைப் பிரித்துக் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. வேட்பாளர் ஒருவர், சிப் தயாரிப்புத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களைப் பயிற்றுவதே தம் முதல் இலக்கு என்று எழுதியிருக்கிறார். எங்கள் குழுவில் பாதிப் பேர் தகவல் தொழில்நுட்பத் துறையினர் என்பதால் அது பலருக்குப் பிடித்திருக்கிறது. அறங்காவலர் குழுவின் பங்கு பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

வரிகட்டுபவன்

சிப் தொழிற்சாலை பற்றி மட்டும் சற்று எச்சரிக்கையாக இருங்கள், ஐயா. ஓஹியோவின் லிக்கிங் கவுண்டியில் 2,000 கோடி டாலரில் தொழிற்சாலை கட்டுவதாக இன்டெல் 2022 ஜனவரியில் அறிவித்தது. ஓஹியோக் கல்லூரிகளுக்குப் பயிற்சித் திட்டங்களுக்காகப் பணமும் தந்தது. ஓராண்டுத் தொழில்நுட்பச் சான்றிதழ்கள் பல இடங்களில் தொடங்கப்பட்டன. 2025 பிப்ரவரியில், முதல் தொழிற்சாலை இயங்க 2030 அல்லது 2031 ஆகும் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. ஓராண்டுச் சான்றிதழ் வாங்கியவர் அதுவரை என்ன செய்வார்? இதனால் அப்படிப்பட்ட படிப்பு கூடாது என்று ஆகிவிடாது. லொரைன் கவுண்டிக் கல்லூரி மின்னணு நுண்கருவித் தயாரிப்பில் தந்த படிப்பு, ஓஹியோவில் சமுதாயக் கல்லூரி ஒன்று வழங்கிய முதல் இளங்கலைப் பட்டமாக 2018-இல் ஒப்புதல் பெற்றது. அங்கே மாணவர்கள் படிக்கும்போதே அருகிலுள்ள பல நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். ஒரே பெரிய நிறுவனம் வரும் என்று காத்திருப்பதற்கும், ஏற்கெனவே ஊரில் இருக்கும் பல சிறு நிறுவனங்களைப் பிடித்துவைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வேட்பாளர் அறிந்திருக்கிறாரா என்று பாருங்கள்.

அறங்காவலர்கள்: தலைவரை அமர்த்துவதும் நீக்குவதும் அவர்களே. கலிஃபோர்னியாவில் வாக்காளர்கள் அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓஹியோவின் கவுண்டிக் கல்லூரிகளில் பெரும்பாலும் கவுண்டி ஆணையர்களும் ஆளுநரும் நியமிக்கிறார்கள். குழுவும் தலைவரும் ஆசிரியர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி இருக்கிறது. நிதித் திட்டமிடலும் நிர்வாகமும் சரியில்லை என்று தரச்சான்று ஆணையம் 2012-இல் எச்சரித்தது. 2013 ஜூலையில் சான்றை நீக்கப்போவதாக அறிவித்தது. மாநில அரசு குழுவின் அதிகாரத்தை எடுத்துத் தனி அலுவலர் ஒருவரிடம் கொடுத்தது. வழக்குகள் நடந்தன, ஆணையம் தன் விதிகளையே சில இடங்களில் மீறியதாக நீதிமன்றமும் கண்டது, 2017 ஜனவரியில் சான்று முழுமையாகத் திரும்பக் கிடைத்தது. அதற்குள் பல்லாயிரம் மாணவர்கள் குறைந்துவிட்டனர். அங்கே கற்பித்தலின் தரத்தை யாரும் குறை சொல்லவில்லை என்பதுதான் வேதனை. கையிருப்பு நிதி எத்தனை மாதச் செலவுக்குப் போதும் என்ற சலிப்பூட்டும் கேள்வியையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரவுமேசை

கடைசியாக ஒன்று. மயாமி டேட் கல்லூரியில் எடுவார்டோ பட்ரோன் 1995 முதல் 2019 வரை தலைவராக இருந்தார். 1961-இல் பதினைந்து வயதில் கியூபாவிலிருந்து பெற்றோர் இன்றி வந்து, அதே கல்லூரியில் படித்து, பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியரானவர். 2016-இல் அதிபரின் சுதந்திரப் பதக்கமும் பெற்றார். அவரைப் போல் கால் நூற்றாண்டு நிலைப்பவர்கள் இன்று அரிது. வேட்பாளர் நம்மூர்க்காரரா, வெளியூர்க்காரரா என்பதில் உங்கள் கூட்டத்தில் பலர் உணர்ச்சிவயப்படக்கூடும்; என் பார்வையில் அது இரண்டாம்பட்சம். முந்தைய கல்லூரியில் எத்தனை ஆண்டு இருந்தார், அங்கே தொடங்கியவற்றுள் எதை முடித்தார், எதைப் பலன் தரவில்லை என்று கண்டு நிறுத்தினார் என்று கேளுங்கள். எதையும் நிறுத்தியதில்லை என்பவர், எதையும் அளந்து பார்த்திருக்கவும் மாட்டார்.

கூட்டத்தில் ஆளுக்கு ஒரு கேள்விதான் அனுமதிப்பார்கள். ஆகவே முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்: ஆலோசகர் எண்ணிக்கையை ஒருவர், பகுதிநேர மாணவரின் விகிதத்தை ஒருவர், கையிருப்பை ஒருவர் கேட்கட்டும். மூன்று வேட்பாளர்களிடமும் ஒரே கேள்விகளை, ஒரே சொற்களில் கேளுங்கள். படிவம் நிரப்பும்போது ஒப்பிட வசதியாக இருக்கும்.